கைப்பேசியிலா, தரவு மையத்திலா? ஏஐ வேலைப் பங்கீட்டில் மொழிகளுக்கு என்ன இடம்?

பெங்களூரு: செயற்கை நுண்ணறிவின் (ஏஐ) எந்த வேலையைப் பயனரின் கைப்பேசியிலேயே முடிப்பது, எதைத் தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்புவது என்பது இதுவரை பொறியாளர்களின் செலவுக் கணக்காகவே பார்க்கப்பட்டு வந்தது. இந்தியாவில் அது மொழிக் கணக்காகவும் மாறி வருகிறது. பெங்களூருவின் பிரேசர் டவுன் போன்ற பன்மொழிப் பகுதிகளில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியக்கூடும்.

பெங்களூருவைச் சேர்ந்த சர்வம் ஏஐ நிறுவனம், மத்திய அரசின் இந்தியா ஏஐ இயக்கத்தின் கீழ் உள்நாட்டுப் பெருமொழி மாதிரியை உருவாக்க 2025 ஏப்ரலில் தேர்வு செய்யப்பட்டது. அப்போது அந்நிறுவனம் மூன்று வகை மாதிரிகளை அறிவித்தது. சிக்கலான பணிகளுக்கு சர்வம்-லார்ஜ், உடனடி உரையாடலுக்கு சர்வம்-ஸ்மால், சாதனத்துக்குள்ளேயே இயங்க சர்வம்-எட்ஜ். ஒரே மாதிரி எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட திட்டம் இது.

உலக அளவிலும் போக்கு இதுவே. கூகுள் தனது ஜெமினி நானோ மாதிரியை 2023 டிசம்பரில் பிக்சல் 8 புரோ கைப்பேசியில் புகுத்தியது. ஆப்பிள் 2024-ல் அறிவித்த ஏற்பாட்டில், சுமார் 300 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரி கைப்பேசியில் இயங்குகிறது. அதன் திறனுக்கு மீறிய வேலைகள் மட்டும் அந்நிறுவனத்தின் சர்வர்களுக்குச் செல்கின்றன.

அளவின் கணக்கு

இந்தப் பங்கீட்டின் அடிப்படை நினைவகம். ஓர் அளவுருவை 4 பிட்டில் சுருக்கிச் சேமித்தால், 200 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரிக்கு ஏறத்தாழ 1 ஜிபி நினைவகம் போதும். 2024 அக்டோபரில் சர்வம் வெளியிட்ட சர்வம்-1 இந்த அளவுடையது. இன்றைய நடுத்தர விலைக் கைப்பேசியில் அடங்கக்கூடியது. அந்நிறுவனம் 2026 பிப்ரவரியில் டெல்லி ஏஐ உச்சி மாநாட்டில் அறிமுகப்படுத்திய பெரிய மாதிரிக்கு 10,500 கோடி அளவுருக்கள். அதே கணக்கில் அதற்கு 50 ஜிபிக்கும் மேல் வேண்டும். அது கைப்பேசியில் அடங்காது.

பெரிய மாதிரியின் திறனைச் சிறியதற்குக் கற்றுக்கொடுக்கும் முறையும் உண்டு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரி, அட்டவணைப்படுத்தப்பட்ட 22 மொழிகளையும் கையாள்கிறது. சுமார் 110 கோடி அளவுருக்கள் கொண்ட அதன் மூல வடிவத்திலிருந்து, சுமார் 20 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய வடிவமும் வடித்தெடுக்கப்பட்டது. ஒரே ஒரு வேலைக்கென உருவாக்கினால் சிறிய மாதிரியாலும் பல மொழிகளைத் தாங்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் உரையாடல், சுருக்கம், விளக்கம் என எல்லாவற்றையும் செய்ய வேண்டிய பொது மாதிரியில் இடநெருக்கடி வருகிறது. எந்த மொழியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சர்வம்-1 ஆங்கிலத்துடன் 10 இந்திய மொழிகளுக்காக உருவாக்கப்பட்டது. தமிழும் கன்னடமும் அதில் உள்ளன, உருது இல்லை.

பிரேசர் டவுனில் என்ன நடக்கும்?

1898-ல் பெங்களூருவைப் பிளேக் தாக்கிய பின், கன்டோன்மென்ட் பகுதியின் நெரிசலைக் குறைக்க உருவான குடியிருப்பு பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்பது இதன் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர். மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு கடைகளில் தமிழ், கன்னடம், தக்னி உருது, ஆங்கிலம் ஆகியவை ஒரே உரையாடலில் கலந்து ஒலிப்பது வழக்கம். தக்னி, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தனி மொழியாக இடம்பெறவில்லை.

சிறிய மாதிரி கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலியை இங்குள்ள மருந்துக் கடையில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தமிழில் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கைப்பேசியே பதில் தரும்; இணையம் தேவையில்லை, பேச்சும் வெளியே போகாது. தக்னியில் கேட்பவரின் வாக்கியம் சிறிய மாதிரிக்குப் புரியாவிட்டால், அது தரவு மையத்துக்கு அனுப்பப்படும். அவருக்கு இணையச் செலவு கூடும், பதில் தாமதமாகும், தன் நோய் பற்றிய பேச்சும் அவரது கையை விட்டுப் போகும். இருவர் கேட்டதும் ஒரே கேள்வி. ஆனால் இரண்டாமவர் தன் மொழிக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறார்.

இதைவிடக் கவலைக்குரிய நிலையும் உண்டு. இத்தகைய அமைப்புகளில், சிறிய மாதிரி தன் பதிலின் மீது எவ்வளவு உறுதியாக உள்ளது என்பதை அளந்து, உறுதி குறைந்தால் பெரியதிடம் ஒப்படைப்பது ஒரு வழக்கமான முறை. குறைவாகப் பயிற்சி பெற்ற மொழியில் அந்த அளவீடே பிழைபடலாம். “உணவுக்கு முன்” என்பதை “உணவுக்குப் பின்” என்று மாற்றிவிட்டு, மாதிரி தயக்கமின்றி இருந்தால், அந்த வாக்கியம் பெரிய மாதிரியின் பார்வைக்கே போகாது.

எல்லாவற்றையும் தரவு மையத்துக்கே அனுப்பிவிடுவதும் தீர்வல்ல. பல அயல்நாட்டு மாதிரிகள் ஓர் இந்தியமொழிச் சொல்லை 4 முதல் 8 துண்டுகளாக உடைத்தே படித்தன என்றும், சர்வம்-1 அதை 1.4 முதல் 2.1 வரை குறைத்தது என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. துண்டுகள் கூடும் அளவுக்குக் கட்டணமும் நேரமும் கூடும்.

சட்டம் சொல்வது

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு பயனருக்குத் தரப்பட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அப்போது 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அறிவிப்பு 22 மொழிகளில் கிடைத்தாலும், எந்த வாக்கியம் கைப்பேசியில் தங்கியது, எது வெளியேறியது என்பதைப் பயனர் ஒவ்வொரு முறையும் அறிய அது மட்டும் உதவாது.

இந்தியா ஏஐ இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்த தொகை ரூ.10,372 கோடி. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் மூன்று நிபந்தனைகளை எதிர்பார்ப்பது மிகையல்ல. சாதனத்தில் இயங்கும் மாதிரி எந்தெந்த மொழிகளில் எவ்வளவு துல்லியமானது என்று மொழிவாரியாக வெளியிட வேண்டும். பேச்சு தரவு மையத்துக்குச் செல்லும்போது திரையில் தெரிய வேண்டும். அதை மறுக்கும் வசதியும் வேண்டும். மருந்து, பணம், சட்டம் சார்ந்த வாக்கியங்களில் மாதிரியின் தன்னம்பிக்கையை மட்டும் நம்பாமல், மறுபரிசோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும்.

சாதனத்தில் இயங்கும் மாதிரிகள் பரவலாகும் முன்பே இவற்றை வகுப்பது எளிது. கோடிக்கணக்கான கைப்பேசிகளில் அவை பதிந்த பின், விடுபட்ட மொழியைச் சேர்ப்பதற்கு நிறுவனங்களுக்கு வணிகக் காரணம் குறைவாகவே இருக்கும்.