சார், தீபாவளி சார்..!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. தீபாவளி லேகியத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு படிக்கவும் :-)

தீபாவளி நெருங்கினா தாம்பரத்துல ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, சண்முகம் ரோடுல கால் வைக்க இடம் இருக்காது. ரெண்டாவது, நம்ம வாசல்ல ஒருத்தர் தலையை சொறிஞ்சுக்கிட்டே "சார், தீபாவளி சார்" என்பார். அந்த வாக்கியத்துல வினைச்சொல்லே கிடையாது பாருங்க. கேட்க வந்ததை முழுசா கேட்கக்கூட கூச்சம். வருஷம் முழுக்க வேலை பார்த்த மனுஷன் எதுக்குங்க தலையை சொறியணும்?

என் கட்சி இதுதான். வீட்டு வேலை செய்யற அக்காவுக்கும், கேட்டுல நிக்கற செக்யூரிட்டிக்கும், மாடிப்படி பெருக்கறவங்களுக்கும் தீபாவளிக்கு நாம குடுக்கறது இனாம் கிடையாது. அது பாக்கி சம்பளம்.

இப்ப கொஞ்சம் கணக்கு. 1965ல் போனஸ் சட்டம் வந்தப்ப குறைந்தபட்சம் 4 சதவீதம். 1972ல் அதை 8.33 ஆக்கினாங்க. அது என்ன கேனத்தனமா ஒரு நம்பர்னு நினைப்பீங்க. 100ஐ 12ஆல வகுத்துப் பாருங்க. வருஷ சம்பளத்துல பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பதிமூணாவது மாச சம்பளம். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இது உண்டு. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள பழைய சட்டம் போயிடுச்சு, ஆனா 8.33 அப்படியேதான் இருக்கு.

ரயில்வேக்காரங்களுக்கு 2024ல் 78 நாள் சம்பளம், அதிகபட்சம் 17,951 ரூபாய். தமிழக அரசு பொதுத்துறை சி, டி பிரிவு ஊழியர்களுக்கு அதே வருஷம் 20 சதவீதம், அதிகபட்சம் 16,800. நல்லா வாங்கட்டும். சங்கம் வெச்சு போராடி வாங்கின உரிமை, யாரும் தலையை சொறிஞ்சு வாங்கலை.

சிக்கல் எங்கேன்னா, குறைஞ்சது 20 பேராவது வேலை செய்யற இடத்துலதான் அந்த சட்டம் செல்லும். உங்க வீட்டு சமையலறையில் ஒரே ஒரு அக்காதான். தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர்களுக்கு 2007ல் நலவாரியம் வந்தது, ஆனா போனஸ் குடுன்னு உங்க சட்டையைப் பிடிக்க ஒரு சட்டமும் இல்லை. சட்டம் இல்லாத இடத்துலதான் "இனாம்"ங்கற வார்த்தை வந்து உட்கார்ந்துக்குது. அரபியிலிருந்து வந்த வார்த்தை. ராஜா சந்தோஷப்பட்டு எழுதிக் குடுக்கற மானியம். நிலத்துல இருந்த இனாம்களையே 1963ல் சட்டம் போட்டு ஒழிச்சாச்சு. ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு ஈ.எம்.ஐ கட்டறவன்தான் இன்னும் ராஜா வேஷத்தைக் கலைக்கலை.

சரி, ராஜா நியாயமாவாவது குடுக்கறாரா? ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் நான் குடியிருக்கற அடுக்ககத்துல 64 வீடு. போன தீபாவளிக்கு வீட்டுக்கு 300 வசூல். யாருக்கு எவ்வளவுன்னு லிஸ்ட் போட்டாங்க. தண்ணி லாரி டிரைவருக்கு 1500. லிஃப்ட் மெக்கானிக்குக்கு 1000, அவருக்கு அவர் கம்பெனியே போனஸ் குடுக்குது. ராத்திரி பூரா முழிச்சிருக்கற செக்யூரிட்டிக்கு 500. படிக்கட்டு துடைக்கற அக்காவுக்கு 300, கூட கால்கிலோ ஸ்வீட் பாக்ஸ். ஏன் சார் இப்படின்னு கேட்டேன். பொருளாளர் ஒளிவுமறைவே இல்லாம சொன்னார்: "தம்பி, லாரி வரலைன்னா என்ன பண்ணுவே?"

அவ்வளவுதாங்க ரகசியம். நம்ம இனாம் உழைப்பைப் பார்த்து போறதில்லை, பயத்தைப் பார்த்து போகுது. யார் வரலைன்னா நமக்கு நாறுமோ அவங்களுக்கு முதல் மரியாதை. நாளைக்கே வேற ஆள் கிடைக்கும்னு நாம நினைக்கறவங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ்.

இதைவிட ஒரு கொடுமை, செக்யூரிட்டி ஏஜென்சி குடுத்த கொட்டேஷன். பேசிக், பி.எஃப், ஈ.எஸ்.ஐ எல்லாம் தனித்தனி வரி. அதுக்குக் கீழே "போனஸ் 8.33%"னு ஒரு வரி. அந்தக் காசை மாசாமாசம் நாம கட்டறோம். அது அந்தப் பெரியவர் கைக்குப் போகுதான்னு மீட்டிங்ல கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை. ஒருத்தர் மட்டும், "அந்த வரியை எடுத்துட்டா ரேட் குறையுமே"ன்னு ஐடியா குடுத்தார். அவர் ஆபீஸ்ல வேரியபிள் பே ஒரு சதவீதம் குறைஞ்சா ஹெச்.ஆருக்கு நாலு மெயில் போடற ஆளுங்க அவர்!

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்கள்:

"அவங்க நாலு வீட்ல வேலை செய்யறாங்க, நாலு போனஸா?" ஐயா, நாலு வீடும் ஆளுக்கு 2500 குடுத்தா மாசம் 10,000, வருஷம் 1,20,000. அதுல 8.33 சதவீதம் 10,000. ஒவ்வொரு வீடும் தன் பங்கு 2500 குடுத்தாத்தான் அவங்களுக்கு ஒரு மாச சம்பளமே சேரும். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கே இந்தக் கணக்கு உதைக்குதுன்னா என்னத்த சொல்ல.

"புடவை எடுத்துக் குடுத்தோமே?" உங்க கம்பெனி போனஸுக்குப் பதிலா லோகோ போட்ட டி-ஷர்ட் குடுத்தா வாங்கிப்பீங்களா? புடவை உங்க பிரியம். குடுங்க, சந்தோஷம். அது போனஸ்ல கழியாது. அட்வான்ஸ் வாங்கினதும் போனஸ்ல கழியாது. உங்க பர்சனல் லோனை உங்க கம்பெனி போனஸ்ல பிடிச்சா சும்மா இருப்பீங்களா?

"நீ அதிகமா குடுத்து ரேட்டை ஏத்தி விடறே." இதைச் சொல்றவர் போன வருஷம் வேற கம்பெனி ஆஃபர் லெட்டரைக் காட்டி சம்பளத்தை ஏத்திக்கிட்டவர். மார்க்கெட் அவருக்கு மட்டும்தான் போல.

அமெரிக்கா ஆன்சைட் போய் பில்லுல 20 சதவீதம் டிப்ஸ் வெச்சுட்டு வந்து, அதை இங்க பெருமையா கதை சொல்ற நண்பர்களும் உண்டு. அங்கே வெயிட்டர் முறைப்பார்னு பயம். இங்கே முறைக்க ஆள் இல்லை.

மெக்சிகோவைப் பாருங்க. அங்கே இதுக்குப் பேர் அகினால்டோ. டிசம்பர் 20க்குள்ள குறைந்தது 15 நாள் சம்பளம் குடுத்தே ஆகணும்னு அவங்க தொழிலாளர் சட்டம் சொல்லுது. 2019ல் சட்டத்தைத் திருத்தி, வீட்டு வேலை செய்யறவங்களுக்கும் அகினால்டோ உண்டுன்னு தெளிவா எழுதிட்டாங்க. அங்கேயும் ஏமாத்தறவன் இருப்பான். ஆனா அவன் ஏமாத்தறான்னு சொல்ல ஒரு சட்டம் இருக்கு. இங்கே குடுக்காதவன் "இந்த வருஷம் கொஞ்சம் டைட்டுமா"ன்னு சொல்லிட்டு நல்லவனாவே போயிடறான்.

அதனால மக்களே, நான் கேக்கறது மூணே விஷயம். ஒண்ணு, உங்க வீட்ல வேலை செய்யறவங்களுக்கு முழுசா ஒரு மாச சம்பளம். வந்து ஆறு மாசம்தான் ஆச்சுன்னா பாதி. ரெண்டு, தீபாவளிக்கு முந்தின ராத்திரி வேண்டாம், பத்து நாள் முன்னாடியே குடுங்க. அவங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சண்முகம் ரோடு போகணும். மூணு, அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல அந்த 8.33 யார் கைக்குப் போச்சுன்னு ரசீது கேளுங்க.

முக்கியமா, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி குடுங்க. அந்த "சார், தீபாவளி சார்" உங்க வாசல்ல கேட்கவே கூடாது.

டிஸ்கி: தண்ணி லாரி டிரைவருக்கு குடுக்காதீங்கன்னு நான் சொல்லலை. அப்புறம் எங்க ஏரியாவுக்கு லாரி வராது :-(

பின்னூட்டத்துல திட்டறவங்க திட்டலாம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டு அக்காவுக்குப் போன தீபாவளிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு எழுதிட்டு திட்டவும். அனானிகளும்தான்.