ஈயம் தின்றவன் கேட்கிறேன்

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கள்ளக்குறிச்சி அச்சகம் ஒன்றில் 9 வருஷம் எழுத்துக் கோத்தேன். கேஸில் படிந்த ஈயத்தூளை வாயால்தான் ஊதுவோம். அதே கையோடு சோறு. வயிறு முறுக்கினால் 'வாழப்பழம் தின்னுடா, சரியாப்பூடும்' என்பார் முதலாளி. ஈயநஞ்சு, 1948 தொழிற்சாலைச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஆனால் மின்சாரத்தில் மிஷின் ஓடினாலும் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலையாம்! நாங்க 4 பேர். 2020 சட்டத் தொகுப்பு அந்த 10ஐயும் 20 ஆக்கியது.

ஈயம் போய் ஆப்செட் வந்தது. இப்போ மிஷின் துடைக்கிற கரைப்பான் நெடி. ஜப்பானின் ஒசாகாவில் அப்படித் துடைத்தவர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் அம்பலமானது.

தோழர்களே, அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். எழுதத்தான் வேணும். நம்ம இதழுக்கு மிஷின் ஓட்டுற பையன் எதை மூச்சுல இழுக்கிறான்னு உள்ளே போய்ப் பார்த்தவர் யார்? அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.