பரிவுக்குப் புள்ளியிடுதல்

பரிவு பிறவிக் குணம், அதனைக் கற்பிக்க இயலாது என்பார் ஒருசாரார். சில நிமிட நடிப்பினால் அதனைக் கற்பித்துவிட்டோம் என மகிழ்வார் மறுசாரார். மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை இவ்விரு சாராரும் தவறிழைக்கின்றனர் என்பதே எமது வாதம்.

1963இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நரம்பியல் மருத்துவர் ஹோவார்ட் பரோஸ், நோயற்ற ஒருவரை நோயாளராக நடிக்கப் பயிற்றி மாணவர்முன் நிறுத்தினார். மாணவர் தம்மைப் பரிசோதித்த முறையை நடித்தவரே பின்னர் எடுத்துரைத்தார். கட்டிலிற் கிடப்பவரின் கூற்றுக்கும் கல்வியில் இடமுண்டு என்பதை அம்முயற்சி உணர்த்திற்று.

1975இல் டண்டீயில் றொனால்ட் ஹார்டனும் சகாக்களும், மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று முன்வகுத்த பட்டியலின்படி புள்ளி பெறும் பரீட்சையை அறிமுகஞ் செய்தனர். நமது மருத்துவபீடங்களும் இன்று அதனைக் கைக்கொள்கின்றன. பரீட்சகரின் விருப்புவெறுப்பை அது கட்டுப்படுத்தியமை மெச்சத்தக்கதே. ஆயினும் பரிவையும் அப்பட்டியலில் அடக்கியபோதுதான் கேடு விளைந்தது. முகம் நோக்கினாரா? “உங்கள் கவலை விளங்குகிறது” என்றாரா? மாணவர் நோக்குகிறார், சொல்கிறார், புள்ளி பெறுகிறார். அவர் கற்றுக்கொண்டது பரிவின் வசனத்தை மட்டுமே.

மனனஞ் செய்த வசனம் நோயாளர் விடுதியில் நிலைப்பதில்லை. பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவரைத் தொடர்ந்து அவதானித்து 2009இல் வெளியான ஆய்வு, நோயாளரிடையே பயிலும் மூன்றாம் ஆண்டிலேயே அவர்தம் ஒத்துணர்வு குறிப்பிடத்தக்களவு வீழ்ந்ததைக் காட்டிற்று. வியப்பென்ன? வகுப்பறையிற் கேட்டதைவிட, விடுதியில் மூத்தோர் நடந்துகொள்ளும் முறையே வலிய பாடம்.

ஆதலால் நடிப்பைக் கைவிடுவதா? வேண்டா. பாத்திரத்தை மாற்றுவோம். எந்நேரமும் மருத்துவராகவே நடிக்கும் மாணவர், தமிழோ சிங்களமோ மட்டுமறிந்த நோயாளராகக் கட்டிலிற் கிடக்கட்டும். வெள்ளங்கிக் குழுவொன்று அவரைச் சூழ்ந்து, அவர் முகம் பாராது, அவர் நோயை ஆங்கிலத்தில் அலசிவிட்டு நகரட்டும். எந்தச் சொல்லில் அஞ்சினார், எந்த வினாவை விழுங்கினார் என்பதை அவரே பின்னர் கூறட்டும். இதற்குப் புள்ளி வேண்டா. புள்ளி புகுந்தால் பாசாங்கும் உடன்புகும்.

அதே கட்டிலில் விரிவுரையாளரும் ஒருமுறை கிடத்தல் வேண்டும். அதற்கு ஒருப்படாத ஆசிரியர், மாணவரிடம் பரிவில்லையெனக் குறைகூறும் உரிமையை இழந்தவராவார்.