ரசம் சாதம் என்னும் ஆபத்து

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் நாலு தட்டுத் தட்டி, “யாரோ உன்ன நெனைக்கிறாங்க” என்கிறோம். வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் கூடவே கொஞ்சம் கேலியும் நடக்கும். உணவோ நீரோ தடம் மாறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதற்கென்றே ஒற்றைச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் செய்ததெல்லாம் தலையில் தட்டியது மட்டும்தான்.

இன்னொரு பேச்சு வழக்கும் உண்டு. “ரெண்டு நாளா தண்ணி எறங்கல.” ஃபோனில் இதைக் கேட்ட உடனே வெளியூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு கரண்டி பால். நம் சிறுகதைகளில் இந்தப் பால் கரண்டியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பால் கடைவாயில் வழிந்துவிட்டால் எழுத்தாளர் அடுத்த பத்தியில் ஆளை முடித்துவிடுவார்.

ஆக, புரையேறுவது நமக்கு வேடிக்கை. இறங்காமல் போவது விதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நோய்க்குறி இருக்கிறது, அதைப் பரிசோதிக்கலாம், பல சமயம் சரிசெய்யவும் செய்யலாம் என்பது படித்தவர்கள் வீட்டிலேயே தெரியவில்லை. என் சண்டை அந்த நடுப்பகுதிக்காக.

ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதை எடுத்துக்கொள்வோம். நாக்கு பின்னால் தள்ளுகிறது, அண்ணம் மேலேறி மூக்குப் பாதையை அடைக்கிறது, குரல்வளை எழும்பி முன்னால் நகர்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, உணவுக்குழாயின் மேல்வாசல் திறக்கிறது. தொண்டைக்குள் நடக்கும் இந்த வேலை ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடும். இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் இயங்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் இந்த வரிசை குலைகிறது. பார்க்கின்சன் நோயில் மெல்ல மெல்லக் குலைகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது இன்னும் கூடியே வரவில்லை. உறிஞ்சல், விழுங்கல், மூச்சு மூன்றும் ஒன்றோடொன்று இசைவது சுமார் 34 வார வளர்ச்சிக்குப் பிறகுதான். இதில் பயங்கரமானது எதுவென்றால், புரையேறியும் இருமல் வராமல் இருப்பது. தொண்டையின் உணர்ச்சி மங்கிப்போனவர் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ‘நல்லாத்தான் சாப்பிட்டாரு’ என்று வீட்டில் சொல்வார்கள். நாலாம் நாள் காய்ச்சல், நிமோனியா.

இதைப் பார்ப்பவர் யார்? ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’. இந்தப் பெயரில்தான் முதல் கோளாறு. பக்கவாத வார்டில் ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னால், “அவருதான் நல்லா பேசுறாரே, எதுக்குங்க?” என்று குடும்பம் கேட்கிறது. நியாயமான கேள்வி. பேச்சுக்கும் விழுங்கலுக்கும் உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால் இந்தத் துறை அவர்கள் கைக்கு வந்தது. பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே படமாகப் பார்க்கும் முறையை நிலைநிறுத்திய ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1983-இல் எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கு அடித்தளம் மாதிரி. மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் முறையை 1988-இல் சூசன் லாங்மோர் வெளியிட்டார். நம் நாட்டில் மைசூரின் அகில இந்திய பேச்சு செவிப்புலன் நிறுவனம் 1965-லேயே வந்துவிட்டது. பயிற்சி ஆண்டையும் சேர்த்து நாலு வருடப் பட்டப்படிப்பு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் தொழில் செய்யலாம். படிப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், சட்டமும் 1992-இலிருந்து இருக்கிறது. அப்புறம் என்ன குறை என்று கேட்டால், அடையாறுக்கு வாருங்கள்.

அடையாறு வைத்தியத்துக்குப் பேர்போன இடம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கைகளோடு இங்கே தொடங்கியதுதான் கேன்சர் இன்ஸ்டிடியூட். டாக்டர் சஞ்சீவி 1958-இல் தொடங்கிய வி.எச்.எஸ். கொஞ்சம் தள்ளித் தரமணிப் பக்கம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் பாலத்துக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரத்தில். மூன்றுமே காசில்லாதவர்களை மனதில் வைத்து உருவானவை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு, கழுத்துத் தோல் கறுத்து, எச்சில் வற்றி, கையில் தண்ணீர் பாட்டிலோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களை இந்தப் பகுதியில் எந்த நாளும் பார்க்கலாம்.

அதே பகுதியின் உள்தெருக்களில், அபார்ட்மெண்டுகளின் முதல் மாடியில் கிளினிக்குகள். பலூன் வரைந்த போர்டு. ‘ஃபீடிங் தெரபி’, ‘பிக்கி ஈட்டர்ஸ் ப்ரோக்ராம்’, பத்து அமர்வுக்கு ஒரு பேக்கேஜ். உள்ளே இருப்பவர்களில் பலர் நன்றாகப் படித்த, குறைந்த சம்பளம் வாங்கும் இளம்பெண்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை நாலே நாலு பொருளைத் தவிர எதையும் தொடாமல் இருப்பது எவ்வளவு பெரிய துயரம் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அதற்கு சிகிச்சை வேண்டாம் என்று சொல்பவன் முட்டாள். ஆனால் வாயில் அதிர்வுக் கருவியை வைப்பது, விசில் ஊதவைப்பது, கன்னத்தை பிரஷ்ஷால் தேய்ப்பது என்று பத்து அமர்வை நிரப்பும் கடைகளும் இந்த வரிசையில் உண்டு. ஊதுவதும் விழுங்குவதும் வேறு வேறு வேலை. விசில் ஊதக் கற்ற குழந்தை விசில் ஊதும், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் இந்த மாடிப் படியை ஏறுவதே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, தெரிந்து ஏறினாலும் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார். கதிர்வீச்சு நடக்கும் நாட்களிலேயே விழுங்குவதை விடாமல் செய்து, அதற்கான பயிற்சிகளையும் செய்துவருபவர்களுக்குப் பிற்பாடு விழுங்கல் நன்றாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பயிற்சிக்குக் கருவி வேண்டாம். சொல்லித்தர ஒருவர் வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க ஒருவர் வேண்டும். மிக அதிகமாகத் தேவைப்படுபவருக்கும் மிக அதிகமாக விற்கப்படும் இடத்துக்கும் நடுவில் நாலு தெரு தூரம்.

சரி, வீட்டில்? இங்கேதான் என்னைத் திட்டப்போகிறீர்கள். ஊட்டுவது அன்பு என்று நாம் நம்புகிறோம். அன்புக்கு எதற்குப் படிப்பு என்றும் நம்புகிறோம். லாங்மோரும் அவருடைய குழுவினரும் 1998-இல் முதியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். புரையேறி வரும் நிமோனியாவை முன்கூட்டிக் காட்டும் காரணிகளில் முன்னால் வந்தது எது தெரியுமா? இன்னொருவர் ஊட்டிவிடும் நிலையில் இருப்பது. அடுத்து, வாயைச் சுத்தம் செய்யவும் இன்னொருவரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள். தானே கையால் எடுத்துச் சாப்பிடுபவருக்கு எப்போது அடுத்த வாய் என்று தெரியும். ஊட்டுபவருக்கு அவசரம், சீரியல் ஓடுகிறது, குக்கர் கத்துகிறது. படுத்த வாக்கிலேயே ஒரு டம்ளர் தண்ணீரைச் சாய்க்கிறார்கள். மூளை முடக்குவாதக் குழந்தையை மடியில் கிடத்தி, தலை பின்னால் தொங்க, அழுகைக்கு நடுவே வாயில் திணிக்கிறார்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை இன்னும் திறந்து கொடுக்கும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. ‘புள்ள சாப்பிடவே மாட்டேங்குது’ என்று பழியை மட்டும் அவள் தலையில் வைப்பார்கள்.

இப்போது ரசம் சாதத்துக்கு வருவோம். உடம்புக்கு முடியாதவருக்கு நாம் முதலில் கொடுப்பது அதுதான். பக்கவாதத்தில் தொண்டை தளர்ந்தவருக்கு அதைவிடச் சிக்கலான உணவு நம் சமையலில் குறைவு. நீர்த்த ரசம் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை வேறு வேகத்தில் நகரும். பருக்கையை நாக்கு சமாளிப்பதற்குள் ரசம் முன்னால் ஓடிப்போய்த் தொண்டையில் விழுந்துவிடும். அரிசிக் கஞ்சியும் தண்ணீரும் பருக்கையுமாக இருந்தால் இதே கதைதான். சாம்பார் இட்லியும் அப்படியே. வெறும் இட்லியோ உதிர்ந்து, எச்சில் இல்லாத வாயில் மாவாக ஒட்டிக்கொள்ளும். ‘கரைச்சு குடுத்தா எதுவும் ஆகாது’ என்ற நம் பொது அறிவு இங்கே தலைகீழ். தண்ணீர்தான் பலருக்கு மிகக் கடினமான பொருள், அது அவ்வளவு வேகமானது.

உலகத்தில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள். 0-இலிருந்து 7 வரை எட்டுப் படிகள். தண்ணீர் 0, நாம் தினமும் சாப்பிடுவது 7. திரவத்தை அளக்க லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. 10 மில்லி சிரிஞ்ச் போதும். 10 மில்லி வரை நிரப்பி, முனையில் இருக்கும் விரலை எடுத்துவிட்டு, பத்து நொடியில் மூடிப் பார்க்க வேண்டும். மிச்சம் 1 மில்லிகூட இல்லையென்றால் படி 0. 1-இலிருந்து 4 வரை மிஞ்சினால் படி 1. 4-இலிருந்து 8 என்றால் படி 2. அதற்கு மேல் மிஞ்சியும் ஒழுகிக்கொண்டிருந்தால் படி 3. சிரிஞ்சில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதா என்று மட்டும் ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். திட உணவில் படி 5 என்றால் பெரியவர்களுக்குத் துண்டு 4 மில்லிமீட்டருக்குள். முள்கரண்டியின் இரு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. முள்கரண்டி இல்லாத வீட்டுக்கு விரலால் அழுத்திப் பார்க்கும் முறையும் அதிலேயே உண்டு. கையால் சாப்பிடுகிற நமக்காகவே வைத்ததுபோல.

இவ்வளவு எளிமையான ஒன்றை இங்கே எப்படிக் கொடுக்கிறார்கள்? பகுதியிலுள்ள ஒரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) என் உறவினர் ஒருவருக்குக் கொடுத்த தாளைப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். கஸ்டர்ட், ஆப்பிள் சாஸ், அவகாடோ மசியல். கூழ் என்ற சொல்லே இல்லை. கேழ்வரகுக் கூழ், களி, குழைத்த பொங்கல், மசித்த பருப்பு சாதம், தயிர், இடியாப்பம் இதெல்லாம் எந்தப் படி என்று தெரியாமல் தமிழ்நாட்டில் ஒருவருக்கு எப்படி உணவுமுறை எழுதிக்கொடுக்கிறீர்கள்? கூழ் கெட்டிப்படும் பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சிரிஞ்சைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். கஞ்சி சூட்டில் ஒரு பதம், ஆறினால் இன்னொரு பதம், எச்சில் பட்டால் மறுபடி நீர்க்கும் என்பதையும் அவர்களே கவனித்துச் சொல்வார்கள். அதற்குப் பதிலாகத் தாளோடு சேர்த்து ஒரு கெட்டியாக்கும் பவுடர் டப்பா. விலையைப் பார்த்து, அளவைக் குறைத்துக் கலக்கத் தொடங்குவார்கள். பவுடர் கலந்த தண்ணீரின் ருசி பிடிக்காமல் நோயாளி குடிப்பதையே குறைத்து, உடம்பில் நீர் வற்றும் ஆபத்து தனி.

கிளினிக்கும் எட்டாத, தாளும் கிடைக்காத பெரும்பான்மைக்கு இருப்பது ரைல்ஸ் டியூப். மூக்கில் குழாயைப் போட்டு, ‘ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஊத்துங்க’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழாய் போட்ட பிறகு விழுங்கலை யார் மறுபடி சோதிப்பது? எப்போது? பல குடும்பங்களில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. குழாய் மாதக்கணக்கில் இருக்கிறது. குழாய் இருந்தால் புரையேறாது என்பதும் பொய். எச்சில் தன் போக்கில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், இரைப்பையில் ஊற்றியது எதுக்களிக்கவும் செய்யும். வாயால் சாப்பிடுவதில்லையே என்று வாயைச் சுத்தம் செய்வதையும் நிறுத்திவிடுகிறார்கள், அந்தக் கிருமி நிறைந்த எச்சில்தான் உள்ளே போகிறது. பக்கவாத நோயாளிக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கும் முன் விழுங்கலைச் சோதிக்க வேண்டும் என்று உலகப் பக்கவாத வழிகாட்டிகள் சொல்கின்றன. முதல்கட்டச் சோதனையைப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் படுக்கையருகிலேயே செய்துவிடலாம்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபி வருகிறது, வலிதணிப்புச் சிகிச்சை வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கை கால் அசைய ஒருவர் வீடு தேடி வரும்போது, தொண்டை அசைய ஏன் யாரும் வருவதில்லை? வட்டாரத்துக்கு ஒரு பேச்சு விழுங்கல் சிகிச்சையாளர். இதைக் கேட்பது ஆடம்பரமா?

‘எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு?’ என்று எழுதும் நண்பர்கள் இந்தக் கட்டுரைக்கும் வருவார்கள். பாட்டி காலத்தில் பாலாடை இருந்தது. சங்கு என்றும் சொல்வோம். உறிஞ்ச வராத சிசுவுக்குப் பால் புகட்ட இன்றைக்கும் இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அது நாக்கால் எடுக்க எடுக்கக் காத்திருந்து சாய்த்தால் அருமையான கருவி. காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, கத்தும் வாயில் கவிழ்த்தால் அதே சங்கு வேறொன்றுக்கு ஊத வேண்டி வரும். பாட்டிகளில் இரண்டு வகையினரும் இருந்தார்கள். ‘பால் பொரையேறி போயிடுச்சு’ என்று ஒற்றை வரியில் சொல்லப்பட்ட சிசு எத்தனை வீடுகளின் நினைவில் இருக்கிறது என்று உங்கள் பாட்டியிடமே கேட்டுப்பாருங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ‘சாஃப்ட் டயட்’ என்று இரண்டு சொல் இருக்கும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது அந்தத் தாளை நீட்டி டாக்டரிடம் கேளுங்கள்: இவருக்கு விழுங்கலைச் சோதித்தது யார், என்றைக்கு? சாஃப்ட் என்றால் எந்தப் பதம், தண்ணீர் தரலாமா, எப்படி உட்கார வைக்க வேண்டும், குழாய் இருந்தால் எப்போது எடுத்துப் பார்ப்பீர்கள்? பதிலைப் பேனாவால் அந்த இரண்டு சொல்லுக்குக் கீழேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில்.