அப்பல்லோவைக் கும்பிடும் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் ஒரு வீடு. ஏழு பிள்ளைகள். ஒருவர் கூடப் பள்ளிக்கூடம் போவதில்லை. காலையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து லத்தீன் வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். இவ்வளவு சொன்னாலே போதும், கேட்கிற அமெரிக்கர் மீதியைத் தானே சொல்லி விடுவார். "ஓ, தீவிரமான கிறிஸ்தவக் குடும்பமா?"

பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் சிலுவைக்குப் பதில் ஒரு சின்ன அக்னிக் கிண்ணமும், அப்பல்லோ, அதீனா சிலைகளும் இருந்தால்? அப்படியும் குடும்பங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு தான். ஆனால் அவர்கள் எழுப்பும் கேள்வி சின்னதல்ல.

முதலில் பேகன் என்ற சொல். லத்தீனில் பாகானுஸ் என்றால் நாட்டுப்புறத்தான், பட்டிக்காட்டான். கிறிஸ்தவம் நகரங்களைப் பிடித்த பிறகு பழைய தெய்வங்களை விடாதவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. தமிழ் விவிலியத்தில் "அஞ்ஞானிகள்" என்று வரும் சொல்லும் கிட்டத்தட்ட இதே வேலையைத் தான் செய்தது. இன்று மேற்கு நாடுகளில் பேகன் என்று சொல்லிக் கொள்பவர்கள் வசைச் சொல்லையே பட்டமாக எடுத்துக் கொண்டவர்கள். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951ல் நீக்கப்பட்ட பிறகு, 1954ல் ஜெரால்ட் கார்ட்னர் எழுதிய புத்தகத்தால் பரவியது விக்கா. ஐஸ்லாந்தில் ஓடின், தோர் வழிபாட்டுச் சங்கத்தை அரசு 1973லேயே அங்கீகரித்தது. கிரீஸில் பழைய பன்னிரண்டு தெய்வங்களைக் கும்பிடுபவர்களுக்கு அங்கீகாரம் கிடைக்க 2017 வரை ஆனது. சாக்ரடீஸ் பிறந்த மண்ணில்! அமெரிக்காவில், போரில் இறந்த விக்கா வீரரின் கல்லறையில் ஐந்து முனை நட்சத்திரம் பொறிக்க அரசு ஒப்புக் கொண்டதே 2007ல் தான், அதுவும் வழக்குப் போட்ட பிறகு.

இப்படி இருக்கும் சூழ்நிலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக் கொள்ளும் பேகன் தாய் தகப்பன் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள். பள்ளிக்குப் போகும் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சரி, வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு சேரலாம் என்றால் அங்கே வேறு தடை. பல ஊர்களில் வீட்டுக்கல்விப் பெற்றோர் கூடி நடத்தும் குழுக்கள் உண்டு. அறிவியல் ஆய்வுக்கூடம், விளையாட்டு, நாடகம் எல்லாம் அதில் தான். அவற்றில் பல, சேரும்போதே விசுவாச அறிக்கை ஒன்றில் கையெழுத்துக் கேட்கும். கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் பிள்ளைக்குத் தோழர்கள் இல்லை. 2007ல் அமெரிக்கக் கல்வித்துறை எடுத்த கணக்கில், வீட்டுக்கல்விக்கு மிக முக்கியக் காரணம் சமய, ஒழுக்கக் கல்வி தான் என்று சுமார் 36 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள். அந்தச் சமயம் எது என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை!

இத்தனைக்கும் அந்த மேஜையில் நடக்கும் பாடம் யாருடையது? அங்கே தான் விஷயம் சுவையாகிறது.

செவ்வியல் கல்வி என்று இன்று அமெரிக்க வீடுகளில் நடப்பதற்குத் தூண்டுகோல் ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர். டோரதி சேயர்ஸ் 1947ல் ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கற்பிப்பதில் தனக்கு அனுபவம் மிகக் குறைவு என்று ஆரம்பத்திலேயே ஒப்புக் கொண்டு விட்டு, இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற இடைக்கால முப்பாடத்தைப் பிள்ளைகளின் வயதோடு பொருத்திக் காட்டினார். சின்ன வயது கிளிப்பிள்ளைப் பருவம், எதையும் மனப்பாடம் செய்யும். அடுத்தது எதிர்த்துப் பேசும் பருவம், அதற்குத் தர்க்கம் கொடு. கடைசியில் தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் பருவம், அதற்குச் சொல்வன்மை. நிகண்டும் நன்னூலும் மனப்பாடம் செய்ய வைத்த திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் இதைக் கேட்டிருந்தால், "இதைச் சொல்ல ஆக்ஸ்போர்டா வேண்டும்?" என்று கேட்டிருப்பார். 1999ல் ஜெஸ்ஸி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பாவரும் எழுதிய ‘தி வெல் டிரெய்ன்ட் மைன்ட்’ இதை வீட்டில் செய்யும் முறையாகவே வகுத்துக் கொடுத்தது. அம்மா மகளுக்கு வீட்டிலேயே கற்றுக் கொடுத்த அனுபவம் அதன் முதல்.

சேயர்ஸ் உறுதியான கிறிஸ்தவர். வீட்டில் படிக்க வாங்கும் லத்தீன் பாடநூல்களில் பலவும் சர்ச் ஜெபங்களும் கீதங்களும் சேர்ந்தவை. ஆனால் அந்த ஜெபங்களைத் தாண்டிப் போனால் எதிரே நிற்பவர்கள் யார்? ஹோமர், வெர்ஜில், ஓவிட், சிசரோ. ஒருவர் கூடக் கிறிஸ்தவர் இல்லை. பேகன் குடும்பத்தின் வாதம் இங்கே தான் தொடங்குகிறது. "இது எங்கள் வீட்டுச் சொத்து. நீங்கள் வாடகைக்கு இருந்தவர்கள்."

கேட்க நன்றாகத் தான் இருக்கிறது. ஆனால் இதே வாதத்தை ஒரு சக்கரவர்த்தி சொல்லிப் பார்த்து விட்டார். ரோமச் சக்கரவர்த்தி ஜூலியன், கிறிஸ்தவனாக வளர்ந்து பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். கி.பி. 362ல் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஹோமரின் தெய்வங்களை நம்பாதவன் ஹோமரைக் கற்பிக்கக் கூடாது, கிறிஸ்தவ ஆசிரியர்கள் தங்கள் கோயிலுக்குப் போய் மத்தேயுவையும் லூக்காவையும் கற்பிக்கட்டும் என்றார். நேர்மையான வாதம் போலவே தெரியும். நம்பாததைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குவது ஏமாற்று தானே? ஆனால் ஜூலியனைப் போற்றி எழுதிய அம்மியானஸ் மார்செல்லினஸ், தானும் பேகனாக இருந்தும், அந்த ஆணை கொடுமையானது, என்றென்றும் மௌனத்தில் புதைக்க வேண்டியது என்று எழுதி விட்டார். அடுத்த வருடமே ஜூலியன் பாரசீகப் போரில் இறந்தார். பிறகு சக்கரம் மறுபக்கம் சுழன்றது. 529ல் ஜஸ்டினியன், பேகன்கள் கற்பிக்கவே கூடாது என்றான். ஏதென்ஸின் தத்துவப் பள்ளி மூடியது.

இரண்டு பேருமே ஒரே தவறைச் செய்தார்கள். நூல் நம்புகிறவனுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தார்கள். ஜூலியனோடு ஏதென்ஸில் படித்த பேசில் பிற்காலத்தில் பிஷப் ஆனவர். அவர் இளைஞர்களுக்குச் சொன்னது வேறு: கிரேக்க இலக்கியத்தைப் படியுங்கள், தேனீ பூவிடம் எடுப்பது போல் வேண்டியதை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் தேட வேண்டாம். சைவ மடத்தில் படித்த உ.வே.சாமிநாதையர், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் புரிந்து கொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டு, 1887ல் பதிப்பித்தார். சமணர் கதை சமணருக்குத் தான் என்று இரண்டு தரப்பும் நினைத்திருந்தால் அந்த ஏடு என்ன ஆகியிருக்கும்?

ஆக, வெர்ஜிலை உரிமை கொண்டாடுவது பேகன் குடும்பத்தின் பலமான வாதம் இல்லை. பலமான வாதம் வேறு. கிறிஸ்தவப் பிள்ளைக்கு இலியாத் ஒரு கதை. பலி கொடுப்பதும் தீயில் திராட்சை ரசம் ஊற்றுவதும் ஏதோ பழைய பழக்கம். அதையே வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வரிகள் வேறு மாதிரி கேட்கும். திருவிழாவையே பார்க்காதவன் தேவாரம் படிப்பதற்கும், தேர் இழுத்தவன் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம். இதை ஒப்புக் கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி பெரிய குடும்பம் என்ற விஷயத்துக்கு வரலாம். ஏழு பிள்ளைக்கு ஒரு தாய் எப்படிப் பாடம் நடத்துவது? பாவர் முறையில் ஒரு வசதி உண்டு. பழங்காலம், இடைக்காலம், நவீனத் தொடக்கம், நவீன காலம் என்று வரலாறு நான்கு வருடச் சுற்று. பன்னிரண்டு வருடத்தில் மூன்று முறை சுற்றி வரும். எனவே வீடு முழுவதும் ஒரே வருடம் ரோமில் இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை ரோமுலஸ் படம் வரையும், பத்து வயது பியூனிக் போர் படிக்கும், பதினாறு வயது டாசிட்டஸ் படிக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு தான்.

மீதியை மூத்த பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள். இது சென்னைக்குப் பழைய கதை. எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குக் கற்பித்துப் பார்த்தார். 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் உலகமெல்லாம் போயிற்று. ஏன் அவ்வளவு வரவேற்பு? செலவு குறைவு! சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் போதும்.

செலவு குறைவு என்றால் யாருக்குக் குறைவு என்று கேட்பது வணிகவியலில் முதல் வருடப் பாடம். கணக்கில் வராத செலவு மறைந்து விடுவதில்லை, வேறு ஒருவர் தலையில் இருக்கிறது. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் மூத்த மகளின் தலை. தம்பிக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருவது பத்து நிமிடம் அவளுக்கும் நல்லது, சொல்லிக் கொடுக்கும்போது தான் நன்றாகப் புரியும். மூன்று மணி நேரம் ஆனால் அது வேலை. தொட்டிலில் ஒன்று, அடுப்பில் ஒன்று, இடையில் சிசரோ என்றால், விடுபடப் போவது சிசரோ தான். இந்த இடத்தில் அப்பல்லோ வீட்டுக்கும் ஏசு வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. பள்ளியை விட்டு வந்ததற்குச் சொன்ன காரணம் பிள்ளையின் சுதந்திரம் என்றால், அந்தப் பெண்ணின் நேரக் கணக்கைத் தாய் தகப்பன் எழுதிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் பார்க்கப் போவதில்லை. டெக்ஸாஸில் அரசுக்குத் தகவல் கூடச் சொல்ல வேண்டாம். நியூயார்க்கில் பாடத்திட்டம், காலாண்டு அறிக்கை, வருட மதிப்பீடு எல்லாம் கொடுக்க வேண்டும், ஆனால் அந்தத் தாள்களிலும் "இந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தது?" என்ற கேள்வி இல்லை. ஜெர்மனி போல வீட்டுக்கல்வியையே தடை செய்வது அதற்கு மருந்தல்ல. அங்கே சின்னச் சமயத்தாரின் பிள்ளைகளுக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது.

1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஆமிஷ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக்கல்விக்காரர்கள் எல்லோரும் கொண்டாடும் தீர்ப்பு. அதில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார். பெற்றோரைக் கேட்டோம், பிள்ளையைக் கேட்டோமா? அது பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசைப்பட்டால்? ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. பேகன் வீட்டில் அதோடு இன்னொன்றும் சேரும். அது ஞானஸ்நானம் வாங்க ஆசைப்பட்டால்? அல்லது எந்தச் சாமியும் வேண்டாம் என்றால்? தங்களை மாற்ற நினைத்த உலகத்திடமிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு இதை ஏற்பது சுலபமாக இருக்காது.

ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த பாடத்திட்டமே அந்தக் கேள்வியைக் கொண்டு வந்து கொடுத்து விடும். உண்மையாகவே செவ்வியல் கல்வி கொடுத்தால் பழைய தெய்வங்களை முதலில் சந்தேகித்தவர்களும் கூடவே வருகிறார்கள். ஒவ்வொரு இனமும் தன் சாயலில் தெய்வத்தைச் செய்து கொள்கிறது என்று கேலி செய்தவர் செனோபனீஸ். தெய்வங்கள் சண்டை போடும் ஹோமரின் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்றவர் பிளேட்டோ. கி.மு. 399ல் சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தது சர்ச் இல்லை. நகரத்துத் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தான் என்று குற்றம் சாட்டியவர்கள் பக்தியுள்ள பேகன்கள். இந்தப் பக்கங்களைக் கிழித்து விட்டு வெர்ஜிலை மட்டும் படிக்க வைத்தால் அது செவ்வியல் கல்வி இல்லை, சாமி பெயர் மாறிய ஞாயிறு வகுப்பு.

பிளேட்டோவின் யூதிப்ரோவைத் தர்க்கப் பருவத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், சின்ன நூல். அதில் ஒரு பக்திமான் சொந்தத் தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட நீதிமன்றம் வருகிறான். ஜீயஸே தன் தகப்பனைக் கட்டிப் போட்டாரே, நான் செய்தால் என்ன என்கிறான். சாக்ரடீஸ் அவனிடம் பக்தி என்றால் என்ன என்று கேட்கிறார். எத்தனை சுற்றுச் சுற்றியும் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று நழுவி விடுகிறான். பதினான்கு வயது மகள் இதை அந்த மேஜையில், அலமாரித் தெய்வங்களுக்கு எதிரே, சத்தமாக வாசித்து முடித்து விட்டு, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்று நிமிர்ந்து பார்ப்பாள். அந்த அப்பாவுக்கும் அப்போது ஏதாவது அவசர வேலை வருமா என்பதைப் பொறுத்தது அந்த வீட்டுப் பள்ளிக்கூடம்.