மண்ணைப் படித்த ஆசிரியர்கள்



சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை. பார்சல் ஆபீஸ் கணக்குகளை முடித்துக்கொண்டு இட்டார்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"அப்பா, காலனிக்குப் பின்னால் கோதுமை அறுத்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள்.

பள்ளியில் கேட்டிருக்கலாமே என்றோம். கேட்டாளாம். அது பாடத்தில் இல்லை என்று ஆசிரியர் கூறிவிட்டாராம்.

ஆசிரியரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. அவரும் நம்மைப் போல வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்தவரே. இவ்வூர் மண்ணை அவருக்கு எவரும் காட்டவில்லை. கோவில்பட்டிச் சீமையில் பிறந்த நமக்கோ அது பழைய உறவு, கரிசல் மண். களி மிகுந்த அம்மண் மழைநீரை உண்டு உப்பும். வெயிலில் நீரிழந்து சுருங்கி வெடிக்கும். நம் பக்கத்துப் பருத்திக் கரிசலும், கோதுமையும் சோயாவும் விளையும் இந்த நர்மதைச் சமவெளிக் கரிசலும் ஒரே இயல்புடையவை. இவ்வளவும் அறிந்திருந்தும், பதினோராண்டுகளாக இங்கு வாழ்ந்தும், மகளை ஒரு நாளேனும் அவ்வயலுக்கு அழைத்துச் சென்றோமில்லை. அந்த வெட்கமே இம்மாதம் இதை எழுதத் தூண்டியது.

இதில் வியப்பு ஒன்று உண்டு. ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் வயலுக்கு அனுப்பிப் பாடம் கற்பித்த பெருமை இதே மாவட்டத்துக்கு உரியது. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு, கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் அரசின் இசைவோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் அதைத் தொடர்ந்து பேணியது.

கோடைப் பயிற்சி முகாமே அத்திட்டத்தின் உயிர்நாடி. சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெழுதும் முகாமன்று அது. மாணவர் செய்யவேண்டிய சோதனைகளை ஆசிரியர்கள் முதலில் தம் கையால் செய்து பார்த்தனர். வெளியே சென்று மண்ணையும் இலையையும் பூச்சியையும் திரட்டினர். விலையுயர்ந்த ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் பயன்பட்டது. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியரோடு ஒன்றாக அமர்ந்து வாதித்தனர். 1978இல் அங்கு வந்த அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவியல் கற்பிக்கும் வழியைக் கண்டார்.

மாணவர்கள் தம் ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதிலும் வரும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் இசைவு இருந்தது. இவை யாவற்றையும்விடப் பெரிது ஒன்று. "எனக்குத் தெரியாது; வாருங்கள், பார்த்து அறிவோம்" என்று வகுப்பில் சொல்லும் துணிவை ஆசிரியர் பெற்றதே அது.

முப்பதாண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால் அதன் படிப்பினை நிற்கவேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொழில்வளர்ச்சிப் பயிற்சி பெறவேண்டும் என்கிறது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். அந்த 50 மணி நேரமும் மூடிய அறையிலும் கைப்பேசித் திரையிலும் கழிந்தால் என்ன பயன்? அதில் பத்து மணி நேரமாவது பணிபுரியும் ஊரின் வயலிலும் ஆற்றங்கரையிலும் சந்தையிலும் கழியட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கோடையில் சொந்த ஊருக்குச் செல்ல ஏங்கும் ஆசிரியர் இதற்கு முகம் சுளிக்கலாம். வண்டியில் இடம் கிடைக்காதா என்று ஆண்டுதோறும் தவிக்கும் நமக்கு அந்த ஏக்கம் தெரியாததன்று. ஆகவே பயிற்சி நாட்களுக்கு ஈடுவிடுப்பும் பயணப்படியும் தருவதே நியாயம். வெயில் ஏறுமுன் காலையில் வெளிவேலை, நண்பகலில் கூடத்தில் சோதனை என்று வகுத்துக்கொள்வதும் அரிதன்று.

நம்மவர்க்கும் இதில் கடமை உண்டு. நம் குழந்தைகளுக்குக் காவிரியும் தாமிரபரணியும் தாத்தா சொன்ன கதைகள். நர்மதையோ ரயில் ஜன்னலில் கடந்துபோகும் பாலம். அங்கும் வேரின்றி, இங்கும் வேரின்றி அவர்கள் வளர்தல் தகுமா? வேற்றூர் ஆசிரியரும் வேற்றூர்ப் பெற்றோரும் கைகோத்தாலன்றி இக்குறை தீராது.

மறுநாள் காலை மகளை வயலுக்கு அழைத்துச் சென்றோம். வெடிப்பினுள் குச்சியை விட்டு அளந்தாள்; இரண்டு சாணுக்கு மேல் இறங்கிற்று. வயலுக்குடைய பெரியவர் அதைக் 'காலி மிட்டி' என்றார். அவள் தன் நோட்டில் 'கரிசல்' என்று எழுதி, அதன் பக்கத்தில் 'காலி மிட்டி' என்றும் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டை ஆசிரியரிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த முறை என்னையும் அழைப்பாயா?" என்று கேட்டாராம்.

அழைத்திருக்கிறோம். வரும் கோடை விடுமுறையின் முதல் ஞாயிறன்று காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. தத்தம் குழந்தைகளோடும், இயன்றால் அவர்தம் ஆசிரியர்களோடும் அன்பர்கள் வந்து சேர்வார்களாக. குடிநீரும் தொப்பியும் மறவற்க.