இறப்பரும் நீராவியும்

கலவானப் பகுதி தேயிலையோடு இறப்பரும் விளையும் மண். அதனாற்போலும், குழாய்ப் பிளாஞ்சு கசிந்தால் இறப்பர்த் தகட்டில் வளையம் வெட்டிக் கஸ்கற்றாக இடுவாரைக் கண்டுள்ளோம். குளிர்நீருக்கு அது சாலும். கொதிகலன் நீராவிக்குச் சாலாது. பத்து வளிமண்டல அமுக்கத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 180 பாகை சதமம். இயற்கை இறப்பர் அங்கு விரைவிற் கெடும். உருக்கு நாடாவும் கிராபைற்றும் சுருளாய்ச் சுற்றிய கஸ்கற்றே ஏற்றது. ஆயின் மெல்லிய பிளாஞ்சில் அதனை இட்டு இறுக்கினாற் பிளாஞ்சே வளையும். இரண்டையும் சேர்த்தே தெரிதல் வேண்டும்.

1986 இல் குளிரில் விறைத்த இறப்பர் வளையமொன்றால் சலஞ்சர் விண்கலம் அழிந்தது, எழுவர் மாண்டனர்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இதென்ன வேலை என்பீர். அக்குழாயருகே நிற்போர் எம் மாணவரின் தந்தையர். ஆதலின், தொழிற்சாலைப் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர், விலையை மட்டும் நோக்காது, அமுக்கத்தையும் வெப்பநிலையையும் எழுதிக் கொடுத்தே கஸ்கற் வாங்குவாராக.